ஓரடி வைத்த காலாள்

சதுரங்கக் காய்களுள் பின்வாங்க இயலாதது காலாள் ஒன்றே. ஆதலால், தொடக்கத்தில் காலாட்களை நிறுத்தும் அமைப்பே பிற்பகுதி ஆட்டத்தின் போக்கைப் பெரிதும் முடிவு செய்கிறது. இவ்வுண்மையைத் தம் ஆட்டத்தால் ஐரோப்பிய அரங்குகளில் மெய்ப்பித்தவர் மிர் சுல்தான் கான்.

இன்று பாகிஸ்தானில் உள்ள மிட்டா திவானா என்னும் சிற்றூரில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் பிறந்தார். இளமையிலேயே தந்தையிடம் சதுரங்கம் கற்றார். அக்கால இந்திய ஆட்டத்தின் விதிகள் ஐரோப்பிய விதிகளினின்று வேறுபட்டிருந்தன. ஐரோப்பிய முறையில் காலாள் முதல் நகர்வில் இரண்டு கட்டங்கள் செல்லலாம்; இந்திய முறையில் ஒரு கட்டமே செல்லும். எனவே இந்திய ஆட்டம் மெல்லத் தொடங்கும். மோதலுக்கு முன் காலாட்களை அரணாக நிறுத்தி, அவற்றின் பின்னே மற்றக் காய்களை அணிவகுக்கும் பொறுமை அதில் வேரூன்றியிருந்தது.

சுல்தான் கானின் திறனை அறிந்த நிலக்கிழார் சர் உமர் ஹயாத் கான், அவர் ஐரோப்பிய விதிகளைக் கற்க வழிசெய்தார். 1928இல் அகில இந்திய வாகையரான சுல்தான் கான், மறு ஆண்டு இலண்டன் சென்றார். அங்குள்ள ஆட்டக்காரர்கள் தொடக்க நகர்வுகளை நூல்கள்வழிக் கற்றுத் தேர்ந்திருந்தனர். சுல்தான் கானுக்கு அப்பயிற்சி இல்லை. குளிரும் மலேரியாக் காய்ச்சலும் அவரை வாட்டின. பயிற்சிப் போட்டியில் பின்தங்கினார். எனினும் அவ்வாண்டே ராம்ஸ்கேட்டில் பிரிட்டன் வாகையர் பட்டத்தை வென்றார். 1932, 1933 ஆகிய ஆண்டுகளிலும் அப்பட்டம் அவருக்கே உரியதாயிற்று.

1930ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய ஹேஸ்டிங்ஸ் போட்டியில், முன்னாள் உலக வாகையர் காபபிளாங்காவை அவர் எதிர்கொண்டார். 17ஆம் நகர்வு முடிந்தபோது மையத்தில் இருவர் காலாட்களும் நேருக்கு நேர் நின்று பூட்டிக்கொண்டன. மையம் அடைபட்டால் விரைந்த தாக்குதலுக்கு இடமில்லை. காய்களைப் பக்கவாட்டில் சுற்றிக் கொண்டுவந்து, எதிரியின் வலுவற்ற கட்டத்தைத் தேட வேண்டும். அங்கே மனப்பாடம் உதவாது. திட்டமும் பொறுமையுமே உதவும். இளமை முதல் அத்தகைய ஆட்டத்தில் பழகிய சுல்தான் கான் சிறுகச் சிறுக நெருக்கினார். 65 நகர்வுகளில் காபபிளாங்கா தோல்வியை ஏற்றார்.

1933இன் இறுதியில் சுல்தான் கான் தாயகம் திரும்பினார். அதன்பின் ஐரோப்பியப் போட்டிகளில் அவர் ஆடவில்லை. வேளாண்மையில் வாழ்நாளைக் கழித்து, 1966இல் சர்கோதாவில் மறைந்தார். வாழ்ந்த காலத்தில் அவருக்குக் கிட்டாத கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை, உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 2024இல் மதிப்புறு பட்டமாக வழங்கியது. ஓரடியே வைக்கப் பழகிய காலாட்களைக் கொண்டு அவர் எழுப்பிய அரண்கள், இன்றும் ஆட்டக் குறிப்புகளில் பயிலப்படுகின்றன.