கழற்றிப் பார்த்துக் கற்றவர்



எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். காசிமேட்டில் விசைப்படகுகள் புகை விட்டுக்கொண்டு கடலுக்குக் கிளம்புவதையும் பார்த்திருப்பீர்கள். திருவொற்றியூர்த் தெருக்களில் 'டுப் டுப்' என்று அதிர்ந்துகொண்டு போகும் புல்லட் மோட்டார் சைக்கிளைத் தெரியாதவர்களே இருக்க முடியாது.

லாரி, படகு, மோட்டார் சைக்கிள் ஆகிய மூன்றையும் இயக்குவது ஒரே மாதிரியான ஒரு பொருள்தான். அதன் பெயர் பிஸ்டன்.

1948இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ் நிறுவனம் எண்ணூரில் ஆலை அமைத்தது. அதுவே இன்றைய அசோக் லேலண்ட். 1956இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு தொழிற்சாலை வந்தது. இவையெல்லாம் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, கோவைப் பக்கத்துக் கிராமத்து இளைஞர் ஒருவர் ஒரு மோட்டார் சைக்கிளைத் தனி ஆளாக அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார். கற்றுக்கொடுக்க ஆசிரியர் இல்லை. பார்த்துச் செய்யப் புத்தகமும் இல்லை. அவர் யார் தெரியுமா? விஞ்ஞானி ஜி.டி.நாயுடு!

பள்ளி பிடிக்காத பையன்

கோவை மாவட்டத்தில் உள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் பிறந்தார் துரைசாமி. தந்தை பெயர் கோபால்சாமி நாயுடு, விவசாயி. பள்ளிக்கூடம் போவது துரைசாமிக்கு வேப்பங்காயாகக் கசந்தது. தொடக்கக் கல்வியோடு படிப்பை நிறுத்திவிட்டு வயல் வேலைக்குப் போனார்.

ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தார். அது இங்கிலாந்தில் செய்யப்பட்ட 'ரட்ஜ்' வண்டி. மாடும் இல்லை, குதிரையும் இல்லை; மனிதன் மிதிக்கவும் இல்லை. ஆனாலும் வண்டி ஓடுகிறதே! ஊரார் வாய் பிளந்து பார்த்தார்கள். துரைசாமிக்கோ வேறு எண்ணம் வந்தது. அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்!

வண்டி வாங்கப் பணம் வேண்டுமே? கோவைக்குப் போனார். ஓர் ஓட்டலில் சர்வர் வேலையில் சேர்ந்தார். கிடைத்த சம்பளத்தைச் செலவழிக்காமல் சிறுகச் சிறுகச் சேர்த்தார். கடைசியில் அந்த ரட்ஜ் வண்டியையே விலைக்கு வாங்கிவிட்டார்.

வாங்கியதும் என்ன செய்தார் தெரியுமா? பாகம் பாகமாகக் கழற்றிப் போட்டார்!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எச்சில் தட்டு எடுத்துச் சேர்த்த காசு அது. கழற்றியதைத் திரும்பப் பூட்டத் தெரியாவிட்டால் வண்டி பழைய இரும்புக்குத்தான் போகும். பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும். அது தெரிந்தும் அவர் துணிந்தார். கழற்றினார், பூட்டினார். ஒரு முறையல்ல, பல முறை! வண்டி மறுபடியும் ஓடியது.

என்ஜினுக்குள் என்ன இருக்கிறது?

இதன் அருமை புரிய வேண்டுமானால் என்ஜினைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நீங்கள் சைக்கிள் மிதிக்கும்போது உங்கள் காலைக் கவனியுங்கள். முழங்கால் மேலும் கீழும் போகிறது. பாதமோ பெடலோடு வட்டமாகச் சுற்றுகிறது. மேலும் கீழுமான அசைவைச் சுற்றும் அசைவாக மாற்றுவது முழங்காலுக்கும் பாதத்துக்கும் நடுவே உள்ள கணைக்கால் பகுதிதான்.

என்ஜினிலும் இதே கதைதான். சிலிண்டர் என்னும் குழாய்க்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து எரிகின்றன. அந்த வேகத்தில் பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது. பிஸ்டன்தான் முழங்கால். அதன் கீழே மாட்டியிருக்கும் கனெக்டிங் ராடுதான் கணைக்கால் பகுதி. அடியில் சுற்றும் கிராங்க் ஷாஃப்ட்தான் பெடல்.

பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் சேர்த்துப் பிடித்திருப்பது உங்கள் விரல் அளவே உள்ள ஓர் எஃகு உருளை. அதற்குப் பிஸ்டன் பின் என்று பெயர். பல என்ஜின்களில் இந்தப் பின் பக்கவாட்டில் நழுவாமல் இருக்க, இரண்டு முனையிலும் சிறு கம்பி வளையம் மாட்டியிருப்பார்கள். அதுதான் சர்க்கிளிப்.

பிரிப்பது எப்படி?

மோட்டார் சைக்கிள் மெக்கானிக் பிஸ்டனைக் கழற்றும்போது ஒரு நாள் அருகில் இருந்து கவனியுங்கள். மேல் மூடியான ஹெட்டை முதலில் எடுப்பார். பிறகு சிலிண்டரை மெல்ல மேலே தூக்குவார். பிஸ்டன் வெளியே தெரியும். உடனே கழற்ற மாட்டார். கீழே திறந்திருக்கும் வாயில் சுத்தமான துணியை அடைப்பார். ஏன்? சர்க்கிளிப் கை தவறி உள்ளே விழுந்துவிட்டால் முழு என்ஜினையும் பிரிக்க வேண்டி வரும்!

அடுத்து, பிஸ்டனின் முன்பக்கம் எது என்று அடையாளம் வைப்பார். திருப்பி மாட்டினால் என்ஜின் கெட்டுப்போகலாம். அதன்பின் மூக்குக் குறடால் சர்க்கிளிப்பை எடுப்பார். அது சட்டென்று தெறிக்கும், கண் பத்திரம்! பிறகு பிஸ்டனை ஒரு கையால் தாங்கிக்கொண்டு பின்னைத் தள்ளுவார். பின் வரவில்லை என்றால் சுத்தியலால் ஓங்கி அடிக்கலாமா? கூடவே கூடாது. ராடு வளைந்துவிடும்.

அனுபவசாலி என்ன செய்வார் தெரியுமா? வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பிஸ்டனைச் சுற்றிப் போடுவார். இன்றைய பிஸ்டன்கள் அலுமினியக் கலவையால் ஆனவை. பின் எஃகால் ஆனது. சூடு பட்டால் எஃகைவிட அலுமினியம் அதிகம் விரியும். துளை சற்றுப் பெரிதாகும். இறுக்கமாக இருந்த பின் எளிதாக வெளியே வந்துவிடும். அறிவியல் பாடத்தில் படித்த வெப்ப விரிவு இங்கே வேலை செய்கிறது!

பூட்டும்போது இதே வரிசையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். பழைய சர்க்கிளிப்பை எறிந்துவிட்டுப் புதியது மாட்ட வேண்டும். ஒரு சிறு வளையத்தை மறந்தாலும் பின் நழுவிச் சிலிண்டர் சுவரைக் கீறிவிடும். எனவே கழற்றுவது பாதி வேலைதான். எது எங்கே இருந்தது, ஏன் அங்கே இருந்தது என்று புரிந்துகொண்டு மறுபடி பூட்டுவதுதான் மீதி. துரைசாமி தானே முட்டி மோதிக் கற்றுக்கொண்ட பாடம் இதுதான்.

ஒரு பேருந்து, பல பேருந்துகள்

மெக்கானிக் ஆன பிறகு அவர் பருத்தித் தொழிலில் இறங்கினார். திருப்பூரில் நல்ல லாபம் கிடைத்தது. பம்பாய் சென்று பெரிய வியாபாரிகளோடு போட்டி போட்டார். கைப்பணத்தை இழந்து ஊர் திரும்பினார். ஆனால் சோர்ந்துவிடவில்லை. கோவையில் தொழில் நடத்திய ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு 1920இல் ஒரே ஒரு பேருந்தை வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதைத் தாமே ஓட்டினார். வண்டி பழுதானால் அவரே சரிசெய்துவிடுவார். அந்த ஒரு பேருந்துதான் பின்னாளில் யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது.

பேருந்தோடு அவர் நிற்கவில்லை. 1937இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து உள்நாட்டிலேயே மின் மோட்டார் தயாரித்தார். பேட்டரியில் ஓடும் முகச்சவரக் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, ஓட்டுப் பதிவு இயந்திரம் என்று அவர் கண்டுபிடித்தவை ஏராளம். 1952இல் இரண்டு பேர் போகக்கூடிய சிறு காரை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய்தான்! ஆனால் அதைத் தயாரிக்க அரசின் உரிமம் கிடைக்கவில்லை. சாமானியர் வீட்டு வாசலுக்கு வந்திருக்க வேண்டிய கார் வராமலே போயிற்று.

முதல்வர் பதவியை விட்டார்

பள்ளியை வெறுத்த அதே மனிதர் 1945இல் கோவையில் தொழிற்கல்வி நிலையம் தோன்றக் காரணமானார். அன்றைய சென்னை ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. கோவையில் 'ஹோப் காலேஜ்' என்று ஒரு பகுதி இருக்கிறதே, அந்தப் பெயர் வந்த கதை இதுதான். அந்தக் கல்லூரியே பின்னாளில் அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆனது.

கல்லூரியின் முதல்வராக நாயுடு இருந்தார். பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் தேவையில்லை, கைவேலையோடு சேர்த்துக் கற்றால் இரண்டு ஆண்டுகளே போதும் என்பது அவர் கருத்து. அன்றைய அரசு அதை ஏற்கவில்லை. நாயுடுவும் வளைந்துகொடுக்கவில்லை, பதவியை விட்டு விலகினார்.

அவர் சொன்னது முழுவதும் சரியா என்று நீங்கள் வளர்ந்தபின் விவாதிக்கலாம். கணக்கும் இயற்பியலும் ஆழமாகப் படிக்க ஆண்டுகள் வேண்டும் என்பாரும் உண்டு. ஆனால் கையில் எண்ணெய் படாமல் என்ஜின் படிப்பு முழுமை பெறாது என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள்.

1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் ஜி.டி.நாயுடு மறைந்தார். கோவை அவிநாசி சாலையில் அவர் பெயரால் அமைந்த கண்காட்சிக்குச் சுற்றுலா செல்லும்போது அவருடைய உழைப்பை நேரில் காணலாம்.

செல்வங்களே! பள்ளியை விட்டுவிடுங்கள் என்பதல்ல இந்தக் கதையின் பாடம். அவருக்கு வகுப்பறையில் கிடைக்காத பதில்கள் இன்று உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கின்றன. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கும் ஆசை அவரிடம் இருந்ததுபோல் உங்களிடமும் இருக்க வேண்டும்.

செய்து பாருங்கள்: வீட்டில் ஓடாமல் கிடக்கும் பழைய கடிகாரத்தைப் பெரியவர்களின் அனுமதியோடு கழற்றிப் பாருங்கள். பேட்டரியை முதலில் எடுத்துவிடுங்கள். ஒரு வெள்ளைத் துணியை விரித்து, கழற்றிய வரிசையிலேயே பாகங்களை அடுக்குங்கள். ஒவ்வொன்றையும் நோட்டில் படமாக வரையுங்கள். பிறகு திரும்பப் பூட்டுங்கள். ஒரு திருகாணிகூட மீதி இருக்கக் கூடாது!