தி. நகரின் 'தி' யார்?

தீபாவளித் துணி எடுக்க தி. நகர் போகாதவர் நம்மில் உண்டா? அந்த 'தி' யார் என்று பேரப்பிள்ளைகள் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

அவர் சர் பிட்டி தியாகராய செட்டியார். 1852-ல் பிறந்தவர், மாநிலக் கல்லூரிப் பட்டதாரி. ஏறத்தாழ 40 ஆண்டுகள் சென்னை மாநகராட்சி மன்ற உறுப்பினர். 1916-ல் டாக்டர் நடேசனார், டி.எம். நாயர் ஆகியோருடன் சேர்ந்து அவர் தொடங்கிய அமைப்புதான் பின்னாளில் நீதிக்கட்சி எனப்பட்டது.

1920 தேர்தலில் கட்சி வென்றது. ஆட்சி அமைக்க ஆளுநர் அழைத்தும் செட்டியார் மறுத்துவிட்டார். கடலூர் சுப்பராயலு ரெட்டியார் முதலமைச்சரானார்.

மாநகராட்சியை மட்டும் அவர் விடவில்லை. அவர் அதன் தலைவராக இருந்த 1920-ல்தான், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தர மன்றம் தீர்மானித்தது. பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது வரம்பு. 16 அணா சேர்ந்தால் ஒரு ரூபாய். ஆயுள் முழுக்க வங்கியில் பேரேடு எழுதியவன் நான். இதைவிட நல்ல பற்று கண்டதில்லை. காமராஜரின் மதிய உணவுத் திட்டம் வந்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான்.

1925-ல் செட்டியார் காலமானார். மாம்பலம் ஏரி இருந்த இடத்தில் எழுந்த புது நகருக்கு அவர் பெயர் வைத்தார்கள்.

முதலமைச்சர் பதவியை வேண்டாம் என்றவர், தெருவிளக்கும் சாக்கடையும் பேசும் மன்றத்தில் 40 ஆண்டுகள் உட்கார்ந்தார். அடுத்த பொதுக்குழுவில் நாற்காலிகள் காலியாக இருக்க வேண்டாமே!