மருத்துவர் கிறீன்

ஆவுடையார்கோவிற் கொடுங்கையைக் கண்டோர், கருங்கல்லை மரச்சட்டம்போல் இழைத்த சிற்பியரின் கைத்திறனை வியவாதிரார். அத்திறன் தலைமுறை தலைமுறையாய்த் தொடர்ந்து வந்ததற்கு, உறுப்பு ஒவ்வொன்றிற்கும் அவர்தம் தாய்மொழியிலே பெயர் இருந்தமையும் ஒரு காரணமென யாம் எண்ணுகின்றோம். மனித உடலாகிய ஆலயத்தின் உறுப்புகளுக்கும் அவ்வாறே தமிழிற் பெயர் வகுக்க உழைத்தவர், மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

அவர் அமெரிக்காவில் வூஸ்டர் நகரில் 1822ஆம் ஆண்டு பிறந்தார். மருத்துவங் கற்று, 1847இல் அமெரிக்க மிஷன் ஊழியராய் யாழ்ப்பாணம் எய்தினார். மானிப்பாயில் நோயாளரைப் பேணியதோடு இளைஞருக்கு மருத்துவமும் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திலே பயிற்றியவர், கிராமத்து ஏழைக்கு உதவுவோர் தமிழிற் கற்றோரே எனத் தெளிந்து, பின்னர்த் தமிழிலேயே பயிற்றலாயினார். அதற்கு நூல்கள் வேண்டுமன்றோ! மாணாக்கர் துணையுடன் அவற்றை ஆக்கினார். பிறமொழிச் சொல்லுக்கு முதலில் தமிழிலும், கிடையாவிடின் வடமொழியிலும் சொல் தேடினார். அங்கும் இல்லையேல் அச்சொல்லையே தமிழோசைக்கு இசைவித்தார். கிரே என்பாரின் உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' எனும் பெயரால் 1872இல் வெளிவந்தது.

இவ்வுழைப்பின் பயனைக் கல்லீரல் ஒன்றைக்கொண்டே அறியலாம். அதனைப் பிணிக்கும் பந்தனங்கள் ஐந்தெனக் கிரே எண்ணினார். அவற்றுள் உருண்டையானது, கருவிலிருந்த காலத்து நஞ்சுக்கொடியிலிருந்து குருதி கொணர்ந்த கொப்பூழ் நாளத்தின் எச்சமாம். கருவின் வளர்ச்சி மாறுபடுங்கால், சிலர்க்கு ஈரல் இடப்புறம் அமையும். சிலர்க்கு அதன் இடமடல் மிகச் சிறுத்திருக்கும். சிலர்க்கு அரிவாள்போன்ற பந்தனத்தில் துளையிருந்து, அதனுட் குடல் நுழைந்து நெரிபடுதலும் உண்டு. இவ்வேறுபாடுகளை உணராது கத்தி எடுப்பவன் உயிருக்கே ஊறு செய்வான். இயல்பின் பெயரறியாதான் பிறழ்வை எங்ஙனம் அறிவான்?

1873இல் கிறீன் தாய்நாடு மீண்டார். ஆங்கும் தமிழ்ப்பணியை விட்டாரல்லர். 'மனுஷ சுகரணம்' 1883இல் வெளிவந்தது. மறு ஆண்டு இறைவனடி சேர்ந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியஞ் செய்தவர் என்பதையே தம் கல்லறையிற் பொறிக்க விரும்பினார்.

அன்று மானிப்பாயில் முப்பதின்மருக்கு மேற்பட்டோர் தமிழில் மருத்துவங் கற்றுத் தேறினர். இன்றோ நம் மருத்துவக் கல்லூரிகளிற் பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றது. பிறநாட்டார் ஒருவர் நம் மொழியின்மேல் வைத்த நம்பிக்கையை, தமிழ் பயிலும் யாம் வைத்துள்ளோமா என்பதே எம் நெஞ்சை உறுத்துவது.