பூட்டிய கதவைத் திறக்க வைத்த பிள்ளைகள்

ஐரோப்பாவையே நடுங்க வைத்த மாவீரன் நெப்போலியன். ஆனால் அவன் குடும்பத்தில் நிம்மதி இல்லை. அவனும் அவன் மனைவி ஜோசபினும் ஒருவருக்கொருவர் மதிப்பை இழந்து பிரிந்த கதை இது.

ஜோசபின் 1763-ல் மார்ட்டினிக் தீவில் பிறந்தவள். 16 வயதில் அவளுக்குத் திருமணம் நடந்தது. யூஜீன் என்ற மகனும், ஹார்டென்ஸ் என்ற மகளும் பிறந்தார்கள்.

பிரெஞ்சுப் புரட்சி வந்தது. 1794-ல் கணவனின் தலை வெட்டப்பட்டது. ஜோசபினும் சிறையில் கிடந்தாள். சில நாட்களில் ஆட்சி கவிழ்ந்ததால் உயிர் தப்பினாள்.

இரண்டாம் திருமணம்

1796 மார்ச் 9-ந் தேதி நெப்போலியன் அவளை மணந்தான். அவனுக்கு வயது 26. அவளுக்கு 32. பையனுக்கு 14, பெண்ணுக்கு 12.

ஹார்டென்சுக்கு இந்தத் திருமணம் முதலில் பிடிக்கவில்லை. நெப்போலியனின் தாயாரும் உடன்பிறந்தவர்களும் ஜோசபினை அடியோடு வெறுத்தார்கள். ஆனால் நெப்போலியன், மனைவியின் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாகவே நினைத்தான்.

திருமணமான இரண்டாம் நாளே அவன் போருக்குப் போனான். போர்க்களத்திலிருந்து மனைவிக்குக் கடிதமாக எழுதிக் குவித்தான். அவளோ எப்போதாவதுதான் பதில் போட்டாள். ஓர் இளம் ராணுவ அதிகாரியிடம் அவள் மனம் போயிருந்தது!

1798-ல் எகிப்தில் இருந்தபோது நெப்போலியனுக்கு விஷயம் தெரிந்தது. மனம் நொந்து அண்ணனுக்குக் கடிதம் எழுதினான். அது ஆங்கிலேயர் கையில் சிக்கியது. வீட்டு ரகசியம் ஊர் சிரிக்கும் செய்தியாயிற்று.

கோபத்தில் நெப்போலியனும் அதே தவறைச் செய்தான். ஓர் அதிகாரியின் மனைவியோடு கெய்ரோ நகரில் வண்டியில் பவனி வந்தான். அவன் மெய்க்காவல் அதிகாரிகளில் ஒருவன் யூஜீன். தாய்க்கு நேர்ந்த அவமானத்தைக் கண்ணால் பார்க்க வேண்டிய நிலை அந்தப் பிள்ளைக்கு! வேறு படைப்பிரிவுக்கு மாற்றும்படி கேட்டான். நெப்போலியன் கடிந்துகொண்டான், ஆனால் பவனியை நிறுத்திவிட்டான்.

கதவு திறந்தது

1799 அக்டோபரில் நெப்போலியன் பாரீஸ் திரும்பினான். அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டான். ஜோசபின் வாசலில் விழுந்து கதறினாள். கதவு திறக்கவில்லை. கடைசியில் யூஜீனும் ஹார்டென்சும் வந்து அழுது மன்றாடினார்கள். மனைவிக்கு இரங்காத மனம் பிள்ளைகளுக்கு இரங்கியது. கதவு திறந்தது.

அதன்பின் ஜோசபின் திருந்தி வாழ்ந்தாள். ஆனால் நெப்போலியன் வேறு பெண்களை நாடினான். மன்னிப்பு கிடைத்தது, பழைய மதிப்பு திரும்பவில்லை.

இரு குடும்பங்களையும் இணைக்க, 1802-ல் ஹார்டென்சை நெப்போலியனின் தம்பி லூயிக்கு மணம் முடித்தார்கள். அந்தத் தம்பதியும் ஒற்றுமையாக வாழவில்லை.

1804-ல் நெப்போலியன் சக்கரவர்த்தியாகி, தன் கையாலேயே ஜோசபினுக்கும் முடி சூட்டினான். ஆனால் அவர்களுக்குக் குழந்தை இல்லை. ஹார்டென்சின் மூத்த மகனை வாரிசாக எண்ணியிருந்தார்கள். அந்தக் குழந்தையும் 1807-ல், 4 வயதில் இறந்தது.

பிரிவு

1809 டிசம்பர் 15-ந் தேதி இரவு, அரண்மனையில் மணவிலக்குச் சடங்கு நடந்தது. ஜோசபின் தன் சம்மதத்தைப் படிக்கத் தொடங்கினாள். அழுகை தொண்டையை அடைத்தது. மீதியை ஓர் அதிகாரி படித்தார். யூஜீனும் ஹார்டென்சும் அருகில் நின்றார்கள். முன்பு கதவைத் திறக்க வைத்த பிள்ளைகளால் இம்முறை ஒன்றும் செய்ய முடியவில்லை.

மனைவியை விலக்கினாலும் பிள்ளைகளை நெப்போலியன் கைவிடவில்லை. யூஜீன் இத்தாலியில் அவனுடைய பிரதிநிதியாகத் தொடர்ந்து ஆட்சி செய்தான்.

மறுமணத்தில் நெப்போலியனுக்கு 1811-ல் மகன் பிறந்தான். ஆனால் 1814-ல் அரியணையே பறிபோனது. அவன் எல்பா தீவில் இருந்தபோது, மே 29-ந் தேதி ஜோசபின் மால்மேசன் மாளிகையில் காலமானாள். மறு ஆண்டு, கடைசித் தோல்விக்குப் பிறகு நெப்போலியன் அந்த மாளிகைக்கு வந்தான். அவனை வரவேற்று உபசரித்தவள் ஹார்டென்ஸ். ஜோசபின் உயிர் நீத்த அறைக்கு அவன் தனியாகப் போய்வந்தான்.

எந்த வாரிசுக்காக மனைவியை விலக்கினானோ, அந்த மகன் 1832-ல், 21 வயதில் இறந்துபோனான். 1852-ல் பிரான்சின் சக்கரவர்த்தியானவன் ஹார்டென்சின் மகன், அதாவது ஜோசபினின் பேரன்!