வில்லியம் விதரிங்

வில்லியம் விதரிங் (மார்ச் 17, 1741 - அக்டோபர் 6, 1799) ஓர் ஆங்கிலேய மருத்துவரும் தாவரவியலாளரும் ஆவார். இதய நோய் மருந்தான டிஜிட்டாலிசை முறைப்படி ஆராய்ந்தமைக்காக அறியப்படுகிறார்.

வாழ்க்கைச் சுருக்கம்

இங்கிலாந்தின் ஷ்ரொப்ஷயர் மாவட்டத்திலுள்ள வெலிங்டனில் பிறந்தார். 1766 இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1775 இல் பர்மிங்காமில் குடியேறினார். அந்நகரிலேயே காலமானார்.

டிஜிட்டாலிஸ் ஆய்வு

உடலில் நீர் கோத்து வீங்கும் நோய்க்கு ஷ்ரொப்ஷயர் மூதாட்டி ஒருவர் கொடுத்து வந்த மருந்தைப் பற்றி 1775 இல் இவரிடம் கருத்துக் கேட்கப்பட்டது. அதில் சேர்ந்த ஏறத்தாழ 20 மூலிகைகளுள் டிஜிட்டாலிஸ் செடியே பயன் தருவது எனக் கண்டறிந்தார். அளவு மிஞ்சினால் அதுவே நஞ்சாகும். ஆகவே சிறிய அளவில் தொடங்கி, குமட்டல், நாடித் தளர்ச்சி போன்றவை தோன்றியவுடன் நிறுத்தும் முறையை வகுத்தார். 150க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை, பலன் கிட்டாதவை உட்பட, 1785 இல் நூலாக வெளியிட்டார். மருந்து இதயத்துடிப்பைப் பாதிப்பதையும் அதில் குறித்துள்ளார்.

செயல்படும் முறை

டிஜிட்டாலிஸ் இனச் செடியிலிருந்து 1930 இல் டைகாக்சின் பிரித்தெடுக்கப்பட்டது. இது வேகஸ் நரம்பின் செயலைக் கூட்டி, இதய மேலறைகளிலிருந்து கீழறைகளுக்குச் செல்லும் மின் தூண்டலைத் தாமதப்படுத்துகிறது. மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் நோயில், அவ்வொழுங்கின்மை நீங்காவிடினும் கீழறைகளின் வேகம் குறைகிறது.