மார்ஜரி வாரன்

மார்ஜரி வின்சம் வாரன் (அக்டோபர் 28, 1897 - செப்டம்பர் 5, 1960) இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவர். முதியோர் மருத்துவம் ஒரு தனித்துறையாக உருவாகக் காரணமானவர்களுள் முதன்மையானவர். பிரித்தானிய முதியோர் மருத்துவத்தின் தாய் என இவர் அழைக்கப்படுகிறார். குணப்படுத்த இயலாதவர்கள் என ஒதுக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் படுக்கையிலேயே கிடந்த முதியவர்களை முறையாகப் பரிசோதித்து, அவர்களுள் பலரை எழுந்து நடக்கச் செய்தார். முதியோரின் நெடுங்காலப் பராமரிப்புக்குத் தனிக் கல்வியும் பயிற்சியும் ஆய்வும் தேவை என்பதை இவரது பணி நிறுவியது.

இளமையும் கல்வியும்

வாரன் லண்டனில் பிறந்தார். தந்தை ஒரு வழக்கறிஞர். ஐந்து பெண் மக்களுள் இவரே மூத்தவர். லண்டனில் உள்ள ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் மருத்துவப் பள்ளியில் பயின்று 1923 இல் பட்டம் பெற்றார். 1926 இல் லண்டனின் மேற்குப் பகுதியான ஐசல்வொர்த்தில் அமைந்த மேற்கு மிடில்செக்ஸ் மருத்துவமனையில் பணியில் சேர்ந்தார். தொடக்கத்தில் அறுவை மருத்துவத்தில் ஈடுபாடு கொண்டிருந்தார். இறுதிவரை அம்மருத்துவமனையிலேயே பணியாற்றினார்.

அக்கால முதியோர் நிலை

இங்கிலாந்தில் ஏழையர் சட்டத்தின் கீழ் நடத்தப்பட்ட விடுதிகளும் அவற்றைச் சார்ந்த நோயாளர் இல்லங்களும் ஆதரவற்ற முதியவர்களின் புகலிடமாக இருந்தன. பக்கவாதம், மூட்டு நோய், எலும்பு முறிவு போன்றவற்றால் நடமாட இயலாதோர் இங்கு சேர்க்கப்பட்டனர். நோய் இன்னதென்று கண்டறியப்படாமலேயே பலர் படுக்கையில் வைக்கப்பட்டனர். பொது மருத்துவமனைகள் இவர்களை ஏற்கத் தயங்கின. மருத்துவ மாணவர்களும் இவர்களைக் காண வாய்ப்பில்லை.

1935 இல் மேற்கு மிடில்செக்ஸ் மருத்துவமனை தன்னை அடுத்திருந்த இத்தகைய நோயாளர் இல்லத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அங்கிருந்த நாட்பட்ட நோயாளிகள் 714 பேரைக் கவனிக்கும் பொறுப்பு வாரனுக்கு வந்து சேர்ந்தது.

சீர்திருத்தப் பணி

வாரன் முதலில் செய்தது ஒவ்வொரு நோயாளியையும் தனித்தனியே பரிசோதித்து நோயைக் கண்டறிந்ததே ஆகும். பின்னர் அவர்களை ஐந்து பிரிவுகளாக வகைப்படுத்தினார்.

1. எழுந்து நடமாடக்கூடிய நாட்பட்ட நோயாளிகள்
2. படுக்கையில் இருப்பினும் மலசலத்தை அடக்கக்கூடியவர்கள்
3. மலசலத்தை அடக்க இயலாதவர்கள்
4. மனக்குழப்பம் இருப்பினும் பிறருக்குத் தொல்லை தராதவர்கள்
5. முதுமை மறதி முற்றியதால் தனி இடத்தில் கவனிக்கப்பட வேண்டியவர்கள்

படுக்கை ஓய்வே பல முதியவர்களுக்குத் தீங்காக அமைவதை வாரன் கண்டார். நெடுநாள் படுத்திருப்பதால் தசைகள் நலிகின்றன, மூட்டுகள் மடங்கி இறுகுகின்றன, படுக்கைப்புண்கள் தோன்றுகின்றன, மலசலக் கட்டுப்பாடு குறைகிறது. இவற்றால் நோயாளி முழுவதும் பிறரைச் சார்ந்திருக்க நேர்கிறது. முதுமையின் இயல்பு எனக் கருதப்பட்ட இந்நிலை பெரும்பாலும் கவனிப்புக் குறைவின் விளைவே என்பது இவரது முடிவு.

நோயாளர் கூடங்களின் சூழலையும் மாற்றினார். சுவர்கள் வெளிர்நிறம் பூசப்பட்டன. வெளிச்சம் மேம்படுத்தப்பட்டது. பிடித்து நடக்கக் கைப்பிடிகள் பொருத்தப்பட்டன. மருத்துவர், செவிலியர், இயன்முறைப் பயிற்சியாளர், அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தருவோர், சமூகப் பணியாளர் ஆகியோர் ஒரே குழுவாகச் செயல்படும் முறையைப் பின்பற்றினார். பக்கவாத நோயாளிகளுக்கும் கால் அகற்றப்பட்டவர்களுக்கும் நடைப்பயிற்சி தரப்பட்டது.

இதனால் பலர் தம் வீட்டுக்கோ முதியோர் இல்லத்துக்கோ திரும்பினர். நாட்பட்ட நோயாளிகளுக்கான படுக்கைகளின் எண்ணிக்கை 714 இலிருந்து 240 ஆகக் குறைந்தது. மீதமான இடம் நெஞ்சக நோயாளிகளுக்கு வழங்கப்பட்டது.

கல்வியும் ஆய்வும்

தம் அனுபவங்களை வாரன் மருத்துவ இதழ்களில் கட்டுரைகளாக எழுதினார். 1943 இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலிலும் 1946 இல் லான்செட்டிலும் வெளியான கட்டுரைகள் முக்கியமானவை. முதியோருக்கான பிரிவு பொது மருத்துவமனைக்குள்ளேயே அமைய வேண்டும் என்று இவற்றில் வலியுறுத்தினார். தனியே ஒதுக்கப்பட்ட இல்லங்களில் சோதனை வசதிகளும் நிபுணர்களும் இருப்பதில்லை. பொது மருத்துவமனையில் இருந்தால்தான் மருத்துவ மாணவர்களும் செவிலிய மாணவிகளும் முதியோர் நோய்களைக் கற்க முடியும், ஆய்வும் நடைபெறும் என்பது இவரது வாதம்.

முதியோர் மருத்துவத்தைக் குறிக்கும் ஜெரியாட்ரிக்ஸ் என்னும் சொல்லை அமெரிக்க மருத்துவர் இக்னாட்ஸ் லியோ நாஷர் 1909 இலேயே உருவாக்கியிருந்தார். எனினும் மருத்துவமனையில் அதன் நடைமுறையை வகுத்துக் காட்டியவர் வாரனே. 1947 இல் தொடங்கப்பட்ட முதியோர் பராமரிப்புக்கான மருத்துவச் சங்கத்தின் முன்னோடிகளுள் இவரும் ஒருவர். அச்சங்கம் 1959 இல் பிரித்தானிய முதியோர் மருத்துவச் சங்கம் எனப் பெயர் மாறியது. 1948 இல் தேசிய நலச் சேவை தொடங்கியபின் முதியோர் மருத்துவம் ஒரு சிறப்புத் துறையாக ஏற்கப்பட்டது.

மறைவு

1960 இல் ஜெர்மனியில் நடைபெறவிருந்த மாநாட்டிற்குச் செல்லும் வழியில், பிரான்சில் நேர்ந்த சாலை விபத்தில் வாரன் காலமானார். உலகின் முதல் முதியோர் மருத்துவப் பேராசிரியர் பதவி, அவர் மறைந்து ஐந்து ஆண்டுகள் கழித்து 1965 இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஏற்படுத்தப்பட்டது.

தமிழ்நாட்டில் முதியோர் மருத்துவம்

பிரித்தானியாவில் வளர்ந்த இத்துறை தமிழ்நாட்டிற்கும் வந்தது. அங்கு பயிற்சி பெற்ற மருத்துவர் வி. எஸ். நடராசன் முயற்சியால் சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978 இல் முதியோருக்கான புறநோயாளர் பிரிவு தொடங்கப்பட்டது. 1988 இல் உள்நோயாளர் பிரிவு அமைந்தது. 1996 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்தில் எம்.டி. பட்டப்படிப்பு தொடங்கியது. 2024 இல் சென்னை கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது.

இவ்வசதிகள் பெருநகரத்தைச் சார்ந்தே வளர்ந்துள்ளன. கோவில்பட்டி, விளாத்திகுளம், குளத்தூர் போன்ற ஊர்களை உள்ளடக்கிய கரிசல் வட்டாரம் மானாவாரி வேளாண்மையை நம்பியது. இளையோர் வேலை தேடி வெளியூர் செல்ல, முதியோர் ஊரிலேயே தங்கிவிடுவது இங்கு வழக்கம். பக்கவாதம் கண்ட ஒருவர் மீண்டும் நடப்பதும் கட்டிலோடு முடங்குவதும், முதல் சில வாரங்களில் பயிற்சி தரத் தெரிந்தவர் அருகில் இருப்பதைப் பெரிதும் பொறுத்தது. 2021 இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டிற்கே சென்று இயன்முறைப் பயிற்சியும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் அளிப்பது இடம்பெற்றுள்ளது. வாரன் மருத்துவமனைக் கூடத்தில் கையாண்ட குழுமுறை, இவ்வாறு வீட்டுத் திண்ணைவரை விரிவடையும் வாய்ப்பைப் பெற்றுள்ளது.