கிரெகோர் மெண்டெல்

மரபியலுக்கு அடிகோலிய கிரெகோர் மெண்டெல், 1822-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், ஆஸ்திரியப் பேரரசைச் சார்ந்த ஹைன்ட்செண்டார்ஃப் என்னும் சிற்றூரில் எளிய உழவர் ஒருவர்க்கு மகனாகப் பிறந்தார். மரம் உருண்டு விழுந்து தந்தை உடல் நலிவுற, மகனது கல்வி தடைப்படும் நிலை நேர்ந்தது. அப்பொழுது இளைய தங்கை தெரேசியா தனக்குரிய சீதனத்தில் ஒரு பங்கை ஈந்து தமையனைப் படிப்பித்தாள். பின்னாளில் அவள் புதல்வர் மூவரின் கல்விக்கும் அவரே துணைநின்றார்.

1843-இல் புரூன் நகரத்து அகுஸ்தீன் மடத்தைச் சேர்ந்தார். ஆசிரியத் தேர்வை இருமுறை எழுதியும் தேறினாரல்லர்.

1856 முதல் 1863 வரை மடத்துத் தோட்டத்தில் பட்டாணி பயிரிட்டு, மொட்டு விரியுமுன் மகரந்தப் பைகளைக் களைந்து, வேற்று வகையின் மகரந்தத்தைத் தம் கையாற் சேர்த்தார். உருண்டை வித்தும் சுருங்கிய வித்தும் உடைய வகைகளைக் கலந்தபொழுது, முதல் தலைமுறையில் உருண்டை வித்துகளே தோன்றின; அடுத்த தலைமுறையிலோ சுருக்கம் மீண்டும் தலைகாட்டிற்று. பொறுமையோடு எண்ணினார்: உருண்டை 5474, சுருங்கியவை 1850. மூன்றுக்கு ஒன்று என்னும் விகிதம் புலனாயிற்று. அச்சுருக்கத்தின் காரணம் 1990-இல்தான் வெளிப்பட்டது. மாவுப்பொருள் அமையத் துணைபுரியும் மரபணுவினுள் ஏறக்குறைய 800 எழுத்து நீளமுள்ள அயல்துண்டு ஒன்று புகுந்து, அதனைச் செயலறச் செய்திருந்தது. இடம்பெயரும் இத்தகைய துண்டுகளும் அவற்றின் எச்சங்களும் மிகப் பெருகியமையாலேயே பட்டாணியின் மரபணுத் தொகுதி மனிதனுடையதினும் பெரிதாயிருக்கிறது!

1865-இல் படித்து 1866-இல் அச்சான அவருடைய கட்டுரையை அறிஞருலகம் பொருட்படுத்தவில்லை. மூனிக் நகரத்துப் பேராசிரியர் நேகெலி மட்டும் மறுமொழி எழுதினார், அதுவும் ஐயத்தோடுதான். நேகெலி ஆராய்ந்து வந்த ஹயராசியம் என்னும் மஞ்சட்பூஞ்செடியை மெண்டெலும் எடுத்துக்கொண்டார். நுண்ணிய அப்பூக்களைக் கண்ணாடியும் வில்லையும் கொண்டு துருவியதில் கண்ணொளி தளர்ந்தது. விளைவோ நேர்மாறாயிற்று. முதல் தலைமுறையே பலவாறு வேறுபட்டது. அதன் பின்னோ வழித்தோன்றல்கள் யாவும் தாயையே ஒத்திருந்தன. பட்டாணியின் விதி இங்கே செல்லவில்லை.

தம் கொள்கைக்குப் பாதகமான இம்முடிவை மறைத்திருக்கலாம், கேட்பார் யார்? ஆயினும், 1869-இல் அதே சங்கத்தின் முன் அதனைப் படித்து, அச்சிலும் ஏற்றினார். மூன்றுக்கு ஒன்று கண்டதினும் இச்செயலே பெரிதென்பது என் கருத்து.

1868-இலேயே மடாதிபதியாகிவிட்ட அவரை மடத்து வரிவழக்கு பின்னர் முற்றும் விழுங்கிற்று. 1884 ஜனவரி 6-ஆம் நாள் காலமானார். 1900-இல் அவருடைய பட்டாணி விதிகள் மீண்டும் கண்டறியப்பட்டன.

ஹயராசியத்தின் புதிர் 1903-இல் அவிழ்ந்தது. டென்மார்க்கு நாட்டுத் தாவர நூலார் இருவர், மகரந்தம் சேர வழியின்றிப் பூக்களின் தலையைக் கொய்துவிட்டும் அவை வித்தீன்றதைக் கண்டனர். பட்டாணியில் தாய்தந்தையரின் மரபணுக்கள் தலைமுறைதோறும் பிரிந்து கூடுகின்றன. ஹயராசியத்தின் பல வகைகளிலோ தாயின் தொகுதியே பெரும்பாலும் மாறாமல் வித்தில் இறங்குகிறது. மெண்டெல் மாண்டு 19 ஆண்டுகள் அப்பொழுது கழிந்திருந்தன.